நைனாவுக்குச் சொல்லக்கூடாதாம்

என் நைனா துளசிங்கத்துக்கு வந்திருப்பது புற்றுநோய் என்பது எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஐஸ் கொண்டுவரும் லாரிக்காரனுக்குத் தெரியும். பழவேற்காட்டு ஏலத்தில் கூடை தூக்குகிறவனுக்குத் தெரியும். தெரியாத ஆள் ஒரே ஒருவர்தான். யாருடைய கன்னத்தை அது உள்ளேயிருந்து தின்றுகொண்டிருந்ததோ, அவருக்கு மட்டும் சொல்லக்கூடாதாம்.

இது வீட்டுக்குள் பேசி வைத்துக்கொண்ட விஷயமென்றால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது ஊர்க்கட்டுப்பாடு. எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், ஊர்த் தலைவர் வீரராகவன் அம்மன் கோயில் முன்னால் ஆண்களைக் கூட்டி, துளசிங்கத்திடம் யாராவது வாயைத் திறந்தால் தெண்டம் கட்ட வேண்டும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். அடுத்தவன் முறையில் ஏரியில் வலை போட்டவனுக்கு விதிக்கிற அதே தெண்டம். ஒரு மனுஷனிடம் உண்மை பேசுவதும் மீன் திருடுவதும் எங்கள் ஊரில் ஒரே குற்றமாகிவிட்டது.

நான் கோட்டைக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நைனாவுக்கு முடியவில்லை என்று புரட்டாசியில்தான் எனக்குச் சேதி வந்தது, கிளம்பி வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா என் வாயைப் பொத்தாத குறையாகக் காதில் சொன்னாள். "வாய்ப்புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம். நீ எதையும் ஒளறி வெக்காதே. தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவாரு."

உள்ளே போய்ப் பார்த்தேன். நைனா பழைய வலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தார். கன்னம் வீங்கிப் பளபளத்தது. வாயில் ஒரு முழம் கயிற்றை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் லேசில் ஆ ஊ என்கிற ஆள் இல்லை. ஒருமுறை திருக்கை முள் பாதத்தில் ஏறி முறிந்தபோது, அந்தக் காலோடேயே படகைத் தள்ளிக்கொண்டு கரை சேர்ந்து, மீனை இறக்கிவிட்டுத்தான் முள்ளை எடுக்கச் சொன்னார். அந்த மனிதர் கயிறு கடித்துக் கிடந்தார்.

பார்க்க வருகிறவர்கள் கயிற்றைப் பார்க்காத மாதிரி நடித்தார்கள். "முகத்துல களை வந்துடுச்சி நைனா, இன்னும் பத்து நாள்ல ஏரிக்கு வந்துடுவே" என்பார்கள். வீரராகவனும் வந்து அதையே சொல்லிவிட்டு, சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போவார். கன்னத்தில் ஓட்டை விழப்போகிற மனிதருக்குச் சாத்துக்குடி. அந்தச் சாறு பட்டால் எப்படி எரியும் என்று யோசிக்க ஒருத்தருக்கும் புத்தியில்லை. வைத்த பழத்தையெல்லாம் நான் ஆட்டுக்குப் போட்டேன்.

புண்ணைத் துடைக்கப் பஞ்சும் மருந்தும் வாங்க பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் மஸூதா அக்கா எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அண்ணன் ராஜவேலு நைனாவை மெட்ராசுக்குக் கூட்டிப்போனதே அக்கா சொல்லித்தான், அக்காவும் கூடப் போயிருந்தார். குணமாக்க முடியாத நோயாளிகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அங்கே தானியேல் என்ற டாக்டர் நர்சுகளுக்கு வகுப்பு எடுக்கிறார். அக்காவும் ஒரு தடவை போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"நோவு அடங்கிச்சா?" என்று அக்கா கேட்டார். "டாக்டர் குடுத்த தண்ணி மருந்து கேக்குதா?"

"இன்னா மருந்துக்கா? வூட்ல சத்து மாத்திரைதான் கீது."

அக்காவின் கை நின்றுவிட்டது. "நோயத் தீக்க முடியாது, நோவத் தீக்க முடியும்னு டாக்டர் ராஜவேலுகிட்ட சொன்னாரே புள்ள. நானே பக்கத்துல இருந்தேன். நான் வேற வேலையா அந்தாண்ட போனேன். அவன் வாங்கிக்கினு போயிட்டான்னுல்ல நெனச்சேன்."

எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. ராஜவேலு கரையில் படகுக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தான். எனக்கு மூத்தவன். நைனா என்றால் உயிர். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவனை ஏதோ சொத்துக்கு அலைகிறவன் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படி இருந்திருந்தால் எனக்குச் சௌகரியம், காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

"மெட்ராஸ்ல மருந்து குடுக்கறேன்னாங்களாமே. எங்க அது?"

பூசுகிற துணியைக் கீழே போட்டான். "அது சாவப்போறவங்களுக்குக் குடுக்கிற மருந்து. அபின்."

"அப்ப இவரு இன்னா, கல்யாணத்துக்கா போறாரு?"

"கத்தாதே. அந்த டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? நோயாளிகிட்ட பேசித்தான் குடுப்பாராம். நைனாவ உள்ளே கூப்புடுன்னாரு. மூஞ்சிக்கு நேரா நீ பொழைக்கமாட்டேன்னு சொல்லிட்டா நைனா தாங்குவாரா? அதான் எழுந்து இட்டாந்துட்டேன்."

"கயித்தக் கடிச்சிக்கினு கெடக்கிறது மட்டும் தாங்குவாரா?"

"நோவு வந்தா போயிடும் பச்சையம்மா. மனசு ஒடஞ்சா திரும்புமா?"

நோவு வந்தால் போய்விடுமாம். கூழும் மீனும் தின்கிற நல்ல வாயால் சொன்னான். பக்கத்தில் கிடந்த துடுப்பை எடுத்துப் போட்டிருப்பேன், நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் செய்து வைத்த இன்னொரு வேலையும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் ஏரியில் எவன் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்போம். அதைப் பாடு என்போம். குடும்பத் தலைவன் தன் கையால் குடத்தில் கைவிட்டு ஓலை எடுக்க வேண்டும். முடியாதவன், என் சீட்டை மகன் எடுக்கட்டும் என்று ஊர் கேட்கத் தன் வாயால் சொல்ல வேண்டும். மற்றபடி ஒருவன் சீட்டை இன்னொருவன் எடுத்தது கிடையாது. இப்போது நைனாவிடம் போய் மகனுக்குக் கொடு என்று கேட்டால், எதற்கு என்று கேட்பாரே. அதனால் இந்தத் தடவை சீட்டுத் தள்ளிப் போய்விட்டது என்று அவரிடம் சொல்லிவிட்டு, ராஜவேலுவே எடுப்பதென்று வீரராகவன் ஏற்பாடு பண்ணியிருந்தார். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஊர் தன் சொந்தச் சட்டத்தையே கவிழ்த்துவிட்டது. இவர்கள்தான் எனக்குத் தெண்டம் போடப்போகிறவர்கள்.

அடுத்த வாரம் மஸூதா அக்காவை அழைத்துக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ் போனேன். வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

டாக்டர் தானியேல் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். "உங்க அண்ணன்கிட்ட நான் ஒண்ணுதாம்மா சொன்னேன். வலி உங்க அப்பாவுக்கு. எங்க வலிக்குது, எவ்வளவு வலிக்குதுன்னு அவர்தான் எனக்குச் சொல்லணும். அவரை ஒதுக்கி வச்சிட்டு அவருக்கு வைத்தியம் பண்றது சரியில்ல. உங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டார்."

"அவன் போனா போறான். நைனா வெளியே பெஞ்சுல குந்திக்கினு இருந்தாரே, அவரு கோவிச்சிக்கினாரா? உங்க நாயம் பெருசுதான் டாக்டரே. மருந்தக் கையில குடுத்துட்டு நாயம் பேசியிருக்கலாமே."

அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்துகிற மாதிரி இல்லை. உண்மைதான் முக்கியம் என்கிறவர் ஒருவர், பொய்தான் முக்கியம் என்கிறவன் ஒருவன். இரண்டு பேருக்கும் நடுவில் கயிற்றைக் கடித்துக்கொண்டு கிடந்தவர் என் நைனா.

"ஆமாம்மா" என்றார் டாக்டர். "பின்னாடியே போய்க் கொடுத்திருக்கணும். நான் செய்யல."

சண்டை போட வந்தவளிடம் எதிராளி ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்தது என்ன பேசுவது என்றே தெரியாது. அவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பழுப்பு சீசாவில் கசப்பான தண்ணி மருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். முதலில் தூக்கமாக வரும், பயப்பட வேண்டாம். மலம் கட்டிக்கொள்ளும், அதற்குத் தனி மருந்து. வலிக்காகக் குடிக்கிறவர் அபின்காரர் ஆகிவிடமாட்டார். பிறகு ஒரு காலி சீசாவில் தண்ணீர் ஊற்றி, என் முன்னால் வைத்து, மூடியில் கோடு வரை அளந்து காட்டச் சொன்னார். சிந்தினேன். மறுபடியும் என்றார். சரியாக வந்த பிறகுதான் மருந்தைக் கொடுத்தார். சீக்கிரம் உங்கள் ஊருக்கே வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

கிளம்பும்போது கேட்டேன். "நோயப் பத்தி இன்னா சொல்றது?"

"நீங்களா போய்க் கொட்டிடாதீங்க. என்ன தெரிஞ்சுக்கணும்னு அவரைக் கேளுங்க. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வேணாம்னா விட்டுடுங்க. ஆனா கேட்டா, பொய் மட்டும் சொல்லாதீங்க."

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். பொய் சொல்கிறவர்கள்மேல்தானே எனக்கு இத்தனை ஆத்திரம்.

அன்றிரவு அக்கா வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை குப்பத்துக்கு வந்தேன். வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். சீசாவைப் பார்த்ததும் கதவை மறித்துக்கொண்டாள். "உங்கண்ணன் வரட்டும். அவனக் கேட்டுக்கினு குடு."

"அவன் எங்க?"

"சீட்டுக்குப் போயிருக்கான்."

ஆக அன்றைக்குத்தான் சீட்டு. "யம்மா, நவுரு" என்றேன். "உன் புருஷன் கத்தாம கெடக்கறாரு. அதனால நோவு இல்லன்னு நீங்கல்லாம் முடிவு கட்டிட்டீங்க. உள்ளே போயி அந்தக் கயித்தப் பாரு. நாரு நாராப் பிரிஞ்சி கீது." அம்மா அழுதாள். அழட்டும் என்று அவளைத் தாண்டிப் போனேன்.

"இன்னாது?" என்றார் நைனா.

"நோவுக்கு மருந்து. கசக்கும்."

அளந்து கொடுத்தேன். ஒரு பக்கமாக வாய்விட்டு விழுங்கினார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ பேசினேன். கோட்டைக்குப்பத்தில் இறால் எப்படி, என் நாத்தனார் எப்படி என்று. பேசப் பேசப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புருவம் இறங்கியது. பிறகு தோள். ஆடியிலிருந்து இறுக்கி வைத்திருந்த கை விரிந்தது. கயிற்றை எடுத்துப் பாயில் வைத்தார்.

"நோவு கீது" என்றார். "ஆனா தூரமா கீது."

எனக்கு அழுகை வந்தது. அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இவ்வளவுதானா. ஒரு மூடித் தண்ணீர்தானா. இதற்காகவா இந்த மனிதர் இத்தனை நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

டாக்டர் சொன்னபடியே கேட்டேன். "நைனா, உன் உடம்பப் பத்தி உனக்கு இன்னா தெரிஞ்சிக்கணும்?"

நல்ல பக்கத்து உதடு மட்டும் சிரித்தது. "புத்துன்னு தெரியும். பொழைக்கமாட்டேன்னு தெரியும். வேற இன்னா கீது?"

கதவோரம் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? அந்த ஆஸ்பத்திரியில வரிசையா குந்திக்கினு இருந்தவங்க மூஞ்சப் பாத்தா தெரியாதா? போன வருஷம் என் வலைய அறுத்து வுட்டவன் வந்து, உனக்கு இன்னா வேணும்னு கேக்கறான். வீரராகவன் பழம் வாங்கியாறான். அவன் பொறந்ததுலேர்ந்து யாருக்கும் ஒரு கருவாடு குடுத்தவன் இல்ல. நான் சாவாம பின்ன இன்னா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்கம்மாவும் உங்கண்ணனும் பயப்படறாங்கன்னு கம்முனு இருந்தேன்."

பாருங்கள். ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டு, தெண்டம் விதித்து, சீட்டுக் குடத்தைக்கூட ஏமாற்றி, ஒளித்து வைத்தார்களே, அந்த ரகசியம் ஆரம்பத்திலிருந்தே அவர் மடியில்தான் இருந்தது.

அப்புறம் அவர் சீசாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது முன்னாடியே இருந்துதா? இல்ல இப்பத்தான் கண்டுபுடிச்சாங்களா? இந்த நோவுக்கு மருந்தே இல்லன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

அவருக்குத் தெரியாமல் இருந்தது இது ஒன்றுதான். சாவு தெரியும். மருந்து தெரியாது. இத்தனை பேர் சேர்ந்து அவரிடமிருந்து ஒளித்தது கடைசியில் மருந்தை மட்டும்தான்.

நான் என்ன சொல்வேன்? இப்பத்தான் வந்தது நைனா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் என்ன குறைந்துவிடும்? சாகப்போகிறவரிடம், உன் மகன்தான் இதை வேண்டாமென்றான் என்று சொல்லி யாருக்கு என்ன லாபம்? அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பொய் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு அன்பாக வருகிறது என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. ராஜவேலுவுக்கும் அந்த ஆஸ்பத்திரியில் இப்படித்தான் வந்திருக்கும். அதை நினைத்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

"ஆடியிலயே குடுக்கறேன்னாரு டாக்டரு" என்றேன். "உன்கிட்ட பேசணும்னாரு. நீ தாங்கமாட்டேன்னு அண்ணன் வேணாம்னுட்டு வந்துட்டான்."

நைனா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அம்மா வாய்விட்டு அழுதாள்.

"சீட்டு இன்னிக்குத்தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பறை சத்தம் கேக்குதே. காது நல்லாத்தான் கீது. என்னை எழுப்பி வுடு."

என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோயில் முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குடம். துளசிங்கம் என்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், ராஜவேலு கையை நீட்டிக்கொண்டிருந்த நேரம். எங்களைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

வீரராகவன் எழுந்து ஓடி வந்தார். "நீ எதுக்குண்ணே எழுந்து வந்தே? பரவால்ல, முகத்துல நல்லா களை வந்துடுச்சி."

"எனக்கு புத்துடா வீரராகவா" என்றார் நைனா. "உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். களைய வுடு."

நைனா குனிந்து குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்தார். என்ன வந்தது என்றுகூடப் பார்க்காமல் வீரராகவன் கையில் கொடுத்தார். "தெண்டம் யாருக்கும் கெடையாது. எனக்கு யாரும் சொல்லல. நானா தெரிஞ்சிக்கினேன்." அப்புறம் ராஜவேலு பக்கம் திரும்பினார்.

"ஆடியிலேர்ந்து மருந்து இருந்துதாமே."

ராஜவேலு என்னைப் பார்த்தான். பிறகு நைனாவைப் பார்த்தான். "நீ பயந்துடுவேன்னுதான் நைனா." முப்பது வயது ஆம்பளை ஊர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான்.

நைனா அடிப்பார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரே ஒரு அறை. அந்தக் கயிற்றுக்கு ஈடாக.

"பச்சையம்மா, சீசாவ இவன்கிட்ட குடு" என்றார் நைனா.

"யாருகிட்ட?"

"உங்கண்ணன்கிட்ட. நீ உன் வூட்டுக்குப் போவணும். கூட இருக்கறவன் இவன்தான். இவன் குடுக்கட்டும். தெனமும் இவன் கையால, என் மூஞ்சப் பாத்துக் குடுக்கட்டும்."

"மாட்டேன் நைனா. இவன் தூக்கிப் போட்டுட்டு வந்தவன். நான் அலைஞ்சி வாங்கியாந்தேன். நான் இங்கயே இருந்து குடுக்கறேன்."

"என் உடம்புக்கு இன்னா பண்றதுன்னு என்னைக் கேக்கலன்னுதானே உனக்கு இவ்ளோ கோவம்?" என்றார். "இப்ப நீ கேட்டே. நான் சொல்லிட்டேன்."

இத்தனை நாளும் யாரிடம் சண்டை போட்டேனோ அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மடியிலிருந்து சீசாவை எடுத்தேன். ராஜவேலு கையில் கொடுத்தேன். குடத்துப் பக்கத்தில் அவனை உட்கார வைத்து, ஒரு செம்புத் தண்ணீரும் மூடியும் கொடுத்து, அளந்து காட்டச் சொன்னேன். கோட்டைத் தாண்டி ஊற்றினான். கொட்டச் சொன்னேன். மறுபடியும் ஊற்றினான், சிந்தினான். மறுபடியும் என்றேன். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. சரியாக வரும்வரை நான் அவனை விடவில்லை.